ஐரோப்பிய ரயில் டிக்கெட்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாம்

விடுமுறைக்கு ஐரோப்பா செல்பவர்களில் பலர் விமான டிக்கெட்டையும் ஹோட்டல் அறையையும் இன்டர்நெட்டில் தாங்களே பதிவு செய்துவிடுகின்றனர். அங்கே ஊர் விட்டு ஊர் செல்லும் ரயில் என்றதும் மட்டும் ஏஜென்டைத் தேடுகின்றனர். ஐஆர்சிடிசி தளத்தில் ஒருமுறை டிக்கெட் எடுத்தவருக்கு இது பெரிய வேலை அல்ல. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டு சென்றால் பணம் வீணாகும்.

நம் நாட்டில் பெரும்பாலான ரயில்களில் முதல் நாள் எடுத்தாலும் கடைசி வாரம் எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். இடம் இல்லை என்றால் வெயிட்டிங் லிஸ்ட் உண்டு. ஐரோப்பாவின் நீண்ட தூர ரயில்களில் வெயிட்டிங் லிஸ்ட் என்ற பேச்சே இல்லை. கட்டணம் விமான டிக்கெட் போல ஏறிக்கொண்டே போகும். முதலில் விற்கும் மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. கூடுதல் விலை டிக்கெட் என்றால் மாற்றலாம், ரத்து செய்திடலாம். வாங்கும் முன் ‘கண்டிஷன்ஸ்’ என்ற இடத்தில் கிளிக் செய்து இதனைப் படித்துவிடுங்கள்.

முதல் வேலை, ரயில்களைத் தெரிந்துகொள்வது. இதற்கு நான் எப்போதும் திறப்பது ஜெர்மன் ரயில்வேயான டாய்ச் பானின் தளத்தைத்தான். ஜெர்மனி மட்டுமின்றி ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் கால அட்டவணை இதில் உள்ளது. தேடுதளத்தில் பெயரைத் தந்தால் கிடைக்கும். மேலே ‘விளம்பரம்’ என்ற குறிப்புடன் வரும் தளங்களை விட்டுவிடுங்கள். அவற்றில் சில தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வாங்குபவை. தளத்திலேயே ஆங்கிலப் பதிப்பு உள்ளது, அதைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பை இயக்கினால் சில சமயம் ஸ்டேஷன் பெயரையும் மொழிபெயர்த்து வைத்துவிடும்.

ஸ்டேஷன் பெயரில்தான் பலர் தடுமாறுகின்றனர். வெனிஸ், இத்தாலியில் வெனெசியா. மியூனிக், ஜெர்மனியில் மூன்சென். வியன்னா, ஆஸ்திரியாவில் வீன். முதல் சில எழுத்துகளை டைப் செய்தவுடன் விரியும் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதே நல்லது. பெயர் சரியாக இருந்தாலும் ஸ்டேஷன் சரியா என்று பாருங்கள். வெனிஸில் படகுகள் செல்லும் கால்வாய்க் கரையில் இறங்க சான்டா லூசியா; மெஸ்த்ரே என்பது அதற்கு முன்பே நிலப்பகுதியில் உள்ள ஸ்டேஷன். பாரிஸில் ஒரே சென்ட்ரல் கிடையாது. லண்டனில் இருந்து யூரோஸ்டார் வந்து நிற்பது கார் து நார். சுவிட்சர்லாந்து ரயில் புறப்படுவது கார் து லியோன்.

ஓர் எடுத்துக்காட்டு: பாரிஸ், சூரிச், மிலன், ரோம். பாரிஸில் இருந்து சூரிச்சுக்கு நேரடி டிஜிவி சுமார் 4 மணி நேரம். சூரிச்சில் இருந்து மிலன் மூன்றே கால் மணி நேரம் போல. மிலனில் இருந்து ரோம் 3 மணி நேரத்தை ஒட்டி. திரையில் ரயில் தெரிந்தும் விலை தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அந்தத் தளம் அந்த டிக்கெட்டை விற்பதில்லை என்றே பொருள். ரயிலை ஓட்டும் நாட்டின் ரயில்வே தளத்திற்குச் செல்லுங்கள். மிலன் - ரோம் தடத்தில் டிரெனிடாலியாவுடன் 2012 முதல் இடாலோ என்ற தனியார் ரயிலும் ஓடுகிறது. ஒன்றின் தளத்தில் மற்றதைக் காட்டமாட்டார்கள். இரண்டையும் இரு டேப்களில் திறந்து ஒப்பிடுங்கள்.

சூரிச் - மிலன் பற்றி ஒரு சங்கதி. ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க ஆசைப்பட்டு இதில் ஏறுபவர், 2016ல் திறந்த 57 கி.மீ. கோட்ஹார்ட் சுரங்கத்தின் இருட்டைத்தான் பார்ப்பார்! அட்டவணையில் ‘வழி’ என்ற கட்டத்தில் கோஷனென் என்று கொடுத்தால், மலைமேல் வளைந்து ஏறும் பழைய தடத்தின் ரயில்கள் வரும். வண்டி மாற வேண்டும், நேரமும் கூடும். என்னைக் கேட்டால் அதுதான் பயணம்.

தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். முதல் ரயில் தாமதமாகி, தனியாக வாங்கிய அடுத்த ரயிலைத் தவறவிட்டால் பெரும்பாலும் அந்த மலிவு டிக்கெட் போனது போனதுதான். தளம் 8 நிமிடத்தில் வண்டி மாறலாம் என்று காட்டும். பெட்டி, குழந்தை, பாட்டி என்று செல்பவர்கள் குறைந்தபட்ச மாற்று நேரத்தைக் கூட்டிவிட்டு மீண்டும் தேடலாம்.

சரி, எப்போது வாங்குவது? இங்குதான் விசா குறுக்கே வருகிறது. பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கிய பின் விசா தாமதமானால் குடும்பம் முழுவதற்கும் நஷ்டம். ஷெங்கன் விசாவிற்குப் பயணத்திற்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும், சில சமயம் 45 நாள் வரை நீளும். ஆகவே விசாவிற்கு முன்னதாகவே விண்ணப்பித்துவிட்டு, காத்திருக்கும் நாட்களில் ரயில்களைத் தேடி எக்செல் தாளில் குறித்து வையுங்கள்: தேதி, ரயில் எண், ஸ்டேஷன், நேரம், விலை. விசா கைக்கு வந்த அன்றே வாங்குங்கள். உங்கள் தேதிக்கு விற்பனை தொடங்கவில்லை என்றால் சில வாரம் முன்னதாக, அதே கிழமையில் தேடினால் எந்த ரயில்கள் ஓடுகின்றன என்பது தெரியும். டிசம்பர் நடுவில் மட்டும் இது உதவாது. அப்போது ஆண்டுதோறும் அட்டவணை மாறுகிறது.

பணம் செலுத்தும் முன் உங்கள் வங்கியின் தளத்தில் கார்டுக்கு வெளிநாட்டு ஆன்லைன் அனுமதியை இயக்குங்கள். 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி புதிய கார்டுகளில் இது அணைக்கப்பட்டே வரும். ‘ரூபாயில் செலுத்தவா, யூரோவிலா’ என்று தளம் கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றித்தரும் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

பெயர்க் கட்டங்கள் இரண்டு இருக்கும். நம் இனிஷியல் வழக்கம் அங்கே புரியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, விமான டிக்கெட்டில் தந்ததைப் போலவே தாருங்கள். ஜெர்மன் டிக்கெட்டில் இருக்கை தானாக வராது. அதற்குத் தனி ரிசர்வேஷன் எடுக்க வேண்டும். டிஜிவியில் டிக்கெட்டுடனே இருக்கை எண் வந்துவிடும்.

டிக்கெட் பிடிஎஃப் பைலாக மெயிலில் வரும். ஒரே போல்டரில் போட்டு, போனிலும் ஒரு காப்பி வையுங்கள். ரயிலுக்குள் நெட் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு பிரிண்ட்டும் பையில் இருக்கட்டும். இத்தாலியின் உள்ளூர் ரயில்களுக்கு ஸ்டேஷனில் வாங்கும் காகித டிக்கெட்டை, ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சிறிய மெஷினில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரிடும்.