வைத்தியச் செலவு எவ்வளவு? முதலில் கேளுங்கள், பிறகு காசு கொடுங்கள்



சென்ற மாதம் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் நமது அலுவலகத்துக்கு வந்தார். தெல்லிப்பழையில் கலியாணம் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போன இடத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல். பதறிப்போன பிள்ளைகள் ஒரு தனியார் வைத்திய நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இரத்தம் சோதித்து, சேலைன் ஏற்றி, மறுநாள் அனுப்பும்போது சொன்ன தொகைக்குக் காதுத் தோட்டை அடகு வைக்க வேண்டி வந்தது.

"முதல்லயே எவ்வளவுன்னு கேட்கலையா அம்மா?" என்றோம்.

"கேட்டா காசில்லாதவங்கன்னு நெனைப்பாங்களோன்னு பேசாம இருந்துட்டோம் ஐயா" என்றார்.

பில்லும் வாங்கவில்லை. அதனால் எதற்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று நமக்கும் தெரியவில்லை. முறைப்பாடு எழுதவும் வழியில்லை. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இதே தெல்லிப்பழையில் அரசாங்க ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலரும் நடந்து சேர்த்த நிதியில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலையும் அங்கேதான் 2013இல் திறக்கப்பட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அவசரம் என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆகவே முதல் கேள்வி, "தனியாருக்குப் போகத்தான் வேண்டுமா?" என்பதே.

போகத்தான் வேண்டும் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் ஆஸ்பத்திரிகளும் இரத்தப் பரிசோதனை நிலையங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். இவற்றைக் கவனிக்கத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவை உண்டு.

சில கட்டணங்களுக்கு அரசாங்கமே வர்த்தமானியில் உச்ச விலை போடுவதும் உண்டு. 2017இல் டெங்கு பரவியபோது, டெங்கு அன்டிஜன் சோதனைக்கு 1,000 ரூபாய், முழு இரத்தச் சோதனைக்கு 250 ரூபாய் என்று வரையறை வந்தது. விலைவாசியோடு இத்தொகைகள் மாறும். இன்றைய விலையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்துக்கும் இப்படியே. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உண்டானது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். பார்மசியும் ஒரு கடைதான். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பில் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம்.

வெளிநாட்டிலும் இதே தொல்லைதான். இந்தியாவில் 2012ஆம் ஆண்டு விதிகள், அந்தச் சட்டம் நடக்கும் மாநிலங்களில், கட்டணத்தை ஊர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் ஆஸ்பத்திரிகள் தங்கள் விலைகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். நோயாளி முன்கூட்டியே விலை அறியாவிட்டால், கேட்டதைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் இப்படிச் சட்டங்கள் வருகின்றன.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, நமது வாயிலும் இருக்க வேண்டும். இவற்றை மறவாதீர்கள்:

1. டொக்டர் கட்டணம் எவ்வளவு, ஆஸ்பத்திரிக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். டொக்டருக்கு மட்டும் சொன்ன தொகையை முழுச் செலவு என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

2. சோதனை எழுதினால், "இதை அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்யலாமா?" என்று கேளுங்கள்.

3. தங்கவோ ஒப்பரேசன் செய்யவோ சொன்னால், மொத்தம் எவ்வளவு வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. விலை கூடிய மருந்தானால், அதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் உண்டா என்று விசாரியுங்கள். அரச ஒசுசலவிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

5. பில் வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்கிய துண்டை எறியாமல் கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.

கூடுதலாக எடுத்தார்கள் என்று கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். பேசத் தயக்கமென்றால் பில்லை நம்மிடம் கொண்டு வாருங்கள். கடிதம் நாம் எழுதித் தருவோம்.

கடையில் ஒரு கிலோ வெங்காயத்துக்கு விலை கேட்காமல் நாம் பையை நீட்டுவதில்லை. வைத்தியத்துக்கும் விலை கேட்பதில் வெட்கம் எதற்கு? மழையிலும் வெயிலிலும் நின்று உழைத்த காசு அது.