மங்கிய வினைல் தரையும் தேங்காய் எண்ணெயும்

வாடகை வீட்டில் பழைய மொசைக்கை மறைக்க ஓனர் ஒட்டிவிட்டுப் போன வினைல் ஷீட் முதல் ஆறு மாதம் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம் சாம்பல் பூத்துப்போகும். துடைக்கத் துடைக்க இன்னும் மங்குகிறதே என்று வீட்டில் யாராவது புலம்பினால் அது பிரமை இல்லை. பெரும்பாலும் துடைப்பதால்தான் மங்குகிறது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், யாரோ சொன்னதைக் கேட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஹால் முழுக்கத் தேய்த்தேன். மின்னத்தான் செய்தது. சாயங்காலம் தண்ணீர்ச் சொம்போடு வந்த அத்தை சர்ரென்று அரையடி சறுக்கி, ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். மறுநாள் காலை வீட்டில் இருக்கிற அத்தனை பேருடைய காலடியும் தரையில் கறுப்பாகப் பதிந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக்கொண்டுவிட்டது.

மரத்துக்கு எண்ணெய் தடவினால் கொஞ்சம் உள்ளே இறங்கும். வினைல் அப்படியில்லை. அது பிவிசி பிளாஸ்டிக். 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமான் என்பவர் விறைப்பான பிவிசியை வளையும்படி இளக வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் நம் ஹாலில் கிடக்கும் ஷீட்டும். அடியில் ஒரு தளம், அதன்மேல் மரம் போலவோ மார்பிள் போலவோ அச்சடித்த படம், படத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு காப்புப் படலம். இப்போது வருபவற்றில் பலவற்றுக்கு அதற்கும் மேலே பாலியூரித்தேன் பூச்சு உண்டு. நாம் பார்க்கும் பளபளப்பு இந்த மேல் படலத்தின் வழவழப்புதான். அது எண்ணெயைக் குடிக்காது. ஊற்றியது ஊற்றியபடி மேலேயே நிற்கும், நம் காலுக்காகக் காத்துக்கொண்டு.

ஆகவே எதையாவது பூசுவதற்கு முன்னால், ஏற்கெனவே மேலே என்ன படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து நன்றாகத் தேயுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் உங்கள் தரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே ஒரு திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் திரையை நெய்தது நாம்தான். பாட்டிலில் ஒரு மூடி என்று போட்டிருந்தால் வாசனைக்காக மூன்று மூடி ஊற்றுகிறோம். சோப்புத்தூளைப் போட்டுத் துடைத்துவிட்டு, மறுபடி வெறும் தண்ணீரில் அலசுவதில்லை. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு வேறு, ஃபேன் காற்றில் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது. பாத்ரூம் குழாயில் படியும் அதே வெள்ளைதான் இது. சோப்பும் உப்புமாகச் சேர்ந்து நாளுக்கு நாள் தடிக்கிறது. ஈரம் பட்டால் இந்தச் சோப்புப் படலமே வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். முதலில் மென்மையான துடைப்பத்தால் மணலைச் சுத்தமாகக் கூட்டுங்கள். இதை விட்டுவிட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்ட தண்ணீரில் துடைத்துவிடுங்கள். அடுத்து அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை கப் வினிகர். மாப் சொட்டக் கூடாது. தண்ணீர் இணைப்புகளில் இறங்கினால் பசை விட்டு ஓரம் தூக்கிக்கொள்ளும். கடைசியாக வெறும் தண்ணீர். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடின நீர் என்றால் இந்தக் கடைசித் துடைப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், வீண் இல்லை. ஃபேனைப் போட்டுக் காயவிடாமல் துணியால் துடைத்து உலர்த்துங்கள். பூஜை அறையில் மொசைக்கோ மார்பிளோ இருந்தால் வினிகர் அந்தப் பக்கம் போக வேண்டாம், கல்லை அரித்துவிடும். ஒன்றே ஒன்று மிக முக்கியம்: பிளீச்சிங் பவுடரையோ பிளீச் கலந்த எதையுமோ வினிகரோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது விளையாட்டல்ல.

இவ்வளவு செய்தும் அந்த ஒரு சாண் இடம் மங்கலாகவே இருந்தால் கீறல். வெளியிலிருந்து காலோடு வரும் மணல், இழுத்துப் போட்ட நாற்காலி, ஸ்டீல் நார், கறை போக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்ந்து மேல் படலத்தில் நுண்ணிய கோடு போட்டிருக்கும். அதற்குத்தான் பாலிஷ். கடையில் ‘வினைல் தரைக்கு’ என்று போட்ட, தண்ணீரில் கரைந்த அக்ரிலிக் பாலிஷைக் கேட்டு வாங்குங்கள். அது காய்ந்ததும் கெட்டியான, மெல்லிய பிளாஸ்டிக் தோலாகிக் கீறல்களை நிரப்பும். கார் டேஷ்போர்டு ஸ்ப்ரே, மேஜை பாலிஷ் இவற்றில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது காய்ந்து இறுகாது. கேரம் போர்டில் பவுடர் தூவுவது எதற்கோ, தரையில் சிலிக்கோனும் அதற்குத்தான்.

பாலிஷைத் தரையில் ஊற்றாதீர்கள். தட்டையான மாப்பில் தொட்டு, மெலிதாக ஒரு கை. அரை மணி, முக்கால் மணி காயட்டும். மழைக்காலம் என்றால் இன்னும் கூட. தொட்டால் விரலில் பிசுபிசுப்பு இல்லை என்றான பிறகு, முதலில் போட்டதற்குக் குறுக்குவாட்டில் இரண்டாவது கை. தடிமனாக ஒரே கையில் போட்டால் மேலே காய்ந்து உள்ளே இளகிக் கிடக்கும். வழுக்கலும் மஞ்சளும் அங்கேதான் ஆரம்பம். ஒரு நாள் முழுக்க ஈரத் துணி படக் கூடாது.

பாலிஷ் டப்பாவில் ‘வழுக்காதது’ என்று போட்டிருப்பதை எந்த அளவுக்கு நம்புவது? அமெரிக்காவில் ஜேம்ஸ் மெஷின் என்று ஒன்று வைத்துத் தரைப் பாலிஷைச் சோதிப்பார்கள்; உராய்வு அளவு 0.5-க்குக் குறையாமல் இருந்தால் தேறியது. ஆனால் அது உலர்ந்த தரையில் செய்யும் சோதனை. பாத்ரூமிலிருந்து ஈரக் காலோடு வெளியே வரும் இடத்துக்கும், குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று டால்கம் பவுடர் போடும் இடத்துக்கும் அது பொருந்தாது. அந்த இரண்டு இடத்திலும் நான் பாலிஷ் போடுவதே இல்லை. கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சிங்க்குக்கு முன்னால், தினமும் நிற்கும் இடத்தில், படமே அழிந்திருந்தால் அங்கே மேல் படலம் தேய்ந்து தீர்ந்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றலாம், அல்லது ஒரு மிதியடி போடலாம். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: அடியில் ரப்பர் ஒட்டியிருந்தால் வேண்டாம். ரப்பரில் கலக்கும் ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மிதியடி அளவுக்கு மஞ்சள் கட்டம் விழும், அது துடைத்தால் போகிற கறை இல்லை.