வேலை நேரத்தில் ஒரு வீடியோ... வேலைக்கே வேட்டு வைக்குமா?

அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு செல்ஃபி. பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் சர்வர் மெதுவாக ஓடும் நேரத்தில் ஒரு ரீல்ஸ். ‘சும்மா ஒரு ஸ்டேட்டஸ்தானே, இதில் என்ன இருக்கு?’ன்னுதான் நமக்குத் தோன்றும். ஆனால் உங்கள் முகத்துக்குப் பின்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நம் பக்கத்து மாவட்டமான திருச்சியில் நடந்ததைப் பாருங்கள். சுகாதாரத் துறைப் பணிமனை ஒன்றில் சக ஊழியர்களை மொபைலில் வீடியோ எடுத்ததாக ஓர் ஊழியர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அரசு ஊழியர்கள் பணி நேரத்தில் சொந்த வேலைக்காக மொபைலைப் பயன்படுத்துவதும், அலுவலகத்துக்குள் வீடியோ எடுப்பதும் ஒழுங்கீனம் என்று 2022 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது. இதற்கு விதிமுறை வகுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. அவசர அழைப்பு என்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி வெளியே போய்ப் பேசலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்தவர் விவரங்கள். இ-சேவை மையத்திலோ, வங்கியிலோ, மருத்துவமனையிலோ வேலை பார்க்கிறீர்களா? விண்ணப்பத்தில் ஒரு சந்தேகம் என்றால் ஆதார் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுவிடுவது சர்வசாதாரணம். பணி மூலம் கிடைத்த தனிப்பட்ட தகவலை, கெடுதல் விளையும் என்று தெரிந்தே அனுமதியின்றி வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. மருத்துவமனை, பள்ளி ஊழியர்கள் இதை மறக்கவே கூடாது.

‘நான் எழுதலீங்க, வந்ததை அனுப்பினேன்’ என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய ஃபேஸ்புக் பதிவை 2018-ல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில், ஃபார்வர்டு செய்வது அந்தக் கருத்தை ஏற்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். வழக்கை ரத்து செய்ய 2023-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? அப்படியும் இல்லை. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், சக ஊழியர்கள் மட்டுமே இருந்த வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்தார். வங்கி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. 2023-ல் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. மனக்குமுறலைக் கொட்டும் உரிமை ஊழியருக்கு உண்டு, அது நிர்வாகத்துக்கே ஒரு வடிகால்தான் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அந்தக் குமுறல் வரம்புக்குள் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் பொய்யோ, தொழில் ரகசியமோ, சக பெண் ஊழியர் மீதான ஆபாசக் கேலியோ இந்தப் பாதுகாப்பில் வராது.

இன்னொரு விஷயம். ‘66ஏ-ல உள்ளே தள்ளிடுவேன்’னு யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. வெறும் குரூப் அட்மின் என்பதற்காக மட்டும், மற்றவர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளை கூறியிருக்கிறது.

நோட்டீஸ் வந்துவிட்டதா? பதற்றத்தில் பதிவை அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், உங்களிடம்தான் முழு உரையாடல் இல்லாமல் போகும். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும்.