வாழைக்கன்றுக்கும் சோதனைச் சீட்டு கேளுங்கள்

முடிக்கொத்து நோய் பிடித்த வாழை குலை தள்ளாது. தப்பித் தவறித் தள்ளினாலும் சந்தைக்கு ஆகாது. பழனி மலைப்பக்கத்து விருப்பாட்சி வாழையை ஒரு காலத்தில் சூறையாடியது இந்த நச்சுயிரி நோய்தான். ஏத்தனும் செந்துளுவனும் விளைகிற, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டியின் தாயகமான குமரி மாவட்டம் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

நோயைப் பரப்புவது வாழை அசுவினி. இலைக்காம்பின் அடியிடுக்கில் கரும்பழுப்பாய்க் கூட்டமாக ஒட்டியிருக்கும்; எறும்பு ஊர்ந்தால் அங்கே விரித்துப் பாருங்கள். அது சாறு உறிஞ்சிய பிறகும், சில புது இலைகள் விரியும்வரை வாழை நன்றாகவே நிற்கும். அப்புறம்தான் காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகும். இடைப்பட்ட நாட்களில் அந்த மூட்டிலிருந்து கன்று பெயர்த்தால், விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

மறைந்திருக்கும் அந்த நச்சுயிரியைக் கண்டுபிடிப்பதுதான் மூலக்கூறு சோதனை. கொரோனா காலத்தில் நமக்கு எடுத்தார்களே, அதே பிசிஆர் முறை. இங்கே இலைத்துண்டு போதும். ‘லேம்ப்’ முறை இன்னும் எளிது: சுமார் 65 டிகிரி வெப்பத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நச்சுயிரிச் சோதனை செய்கிறார்கள். மாதிரி எடுக்கும் விதத்தைப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். கன்று எடுக்கும் தாய்வாழையைச் சோதிப்பதே முக்கியம்.

திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயற்றது என்று நம்பிவிட வேண்டாம். தாய்க்கிழங்கில் நச்சுயிரி இருந்தால் அதிலிருந்து பெருக்கிய ஆயிரக்கணக்கான கன்றுகளிலும் இருக்கலாம். இதற்காகவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. சான்றையும் பில்லையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். துண்டுச்சீட்டில் எழுதிய கணக்கு பில் ஆகாது.

1966 விதைச் சட்டப்படி கன்றும் கிழங்கும்கூட விதைதான். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நோயுள்ள கன்றை விற்று ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணமில்லை. நோய் தெரிந்தவுடன் படம் எடுத்து, தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து, ஆய்வறிக்கையை எழுத்தில் கேளுங்கள்.

வழக்குக்காக நோயுற்ற வாழையை நிற்க விடாதீர்கள். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. மாதிரி எடுத்ததும், முதலில் அசுவினிக்கு மருந்தடித்து, பிறகு கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள்; தாமதித்தால் பக்கத்து வயல்காரரின் வாழையும் போகும்.