கோட்டையும் கடலும் தட்டுக்கடையும்: தெற்கிலிருந்து திருவனந்தபுரம்

திருவனந்தபுரத்துக்குத் தமிழகத்திலிருந்து வருகிறவர்களில் பலர் தெற்கு வழியாகத்தான் நுழைகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு வரும் நெடுஞ்சாலை கரமனை ஆற்றைக் கடந்ததும் நகரம் தொடங்கிவிடுகிறது. 1979-இல் திறக்கப்பட்ட ரயில் பாதையும் ஏறக்குறைய இதே வழியில்தான் வருகிறது. எல்லையோரத்துக் குன்னத்துகால், காரக்கோணம், வெள்ளறடை பக்கத்து ஆட்களுக்கு நெய்யாற்றின்கரை வந்துவிட்டால் போதும்; அங்கிருந்து தம்பானூர் சுமார் 20 கிலோமீட்டர். இந்தத் தெற்கு வழிதான் நகரத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழியும்கூட. ஏனென்றால் திருவிதாங்கூர் அரசின் தலைநகரே இந்தப் பாதையில் நடந்து வந்ததுதான்.

1795 வரை தலைநகர் பத்மநாபபுரம். தர்மராஜா என்று அழைக்கப்படும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இன்று பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. தக்கலை பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அந்த மர அரண்மனையை முதலில் பார்த்துவிட்டு வந்தால், நகரத்தில் பார்க்கப்போகும் ஓட்டுக்கூரையும் மரச்செதுக்கும் புதிதாகத் தெரியாது. பாதியில் விட்ட கதையின் அடுத்த அத்தியாயமாகத் தெரியும்.

பழைய பிணைப்பு இன்றும் ஆண்டுதோறும் கண்ணெதிரே நடந்து போகிறது. நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று விக்கிரகங்களும் ஊர்வலமாகப் புறப்படுகின்றன. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கின்றன. களியக்காவிளை எல்லையில் இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்கிறார்கள். வழி நெடுக வீட்டு வாசல்களில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பவர்களைப் பார்க்கவேண்டுமென்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளைப்போல் இடம் வேறில்லை. அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது மரபு.

வழியிலேயே இறங்கிப் பார்க்க வேண்டியவையும் உண்டு. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பழம்பெரும் பலாமரம். எதிரிகளிடமிருந்து தப்பிய, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான இளம் மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பார்கள். நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தார். பிறப்பால் அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த ஒருவர் ஆற்றுக்குள் மூழ்கி எடுத்த கல்லைக் கடவுளாக நிறுத்திய இடம் அது. கேரளத்தின் சமூக வரலாறே அங்கே திரும்பியது என்று சொன்னால் மிகையில்லை. சுற்றுலாப் பட்டியல்கள் அதைத் தாண்டிப் போய்விடுவது வருத்தத்துக்குரியது. அடுத்து வரும் பாலராமபுரம் கைத்தறி ஊர். தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களின் தெருக்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஓரத்தில் மட்டும் சரிகையோடும் வெள்ளை வேட்டியும் நேரியதும் தறிக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஒரு வேட்டி வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்த நிறுத்தத்திலேயே அது தேவைப்படும்.

பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்கள் மேலாடை இல்லாமல் வேட்டியோடுதான் உள்ளே போக முடியும். பெண்களுக்குச் சேலை, முண்டும் நேரியதும் போன்ற உடைகள். சுரிதார் அணிந்து வந்தால் மேலே வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கைபேசிக்கு அனுமதி இல்லை. இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஏழு நிலைக் கோபுரம் பாண்டிய நாட்டுப் பாணியில் சுமார் 100 அடி உயர்ந்து நிற்கிறது, கருவறையான ஸ்ரீகோவிலோ கேரளப் பாணி. நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 18 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனி, கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரை என்ற கலவையால் பிணைத்து உருவாக்கப்பட்டது என்கிறது கோயில் மரபு. மூன்று வாசல்கள் வழியாக முகம், நாபி, பாதம் என்று பகுதி பகுதியாகத்தான் தரிசிக்க முடியும். முன்னால் உள்ள ஒற்றைக்கல் மண்டபம், நகரத்தை ஒட்டிய திருமலை என்ற இடத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்த ஒரே பாறை.

1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா தன் நாட்டையே பெருமாளுக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசனாக ஆளத் தொடங்கினார். அந்த ஒப்படைப்பை நினைவில் வைத்துக்கொண்டால்தான் கோயிலின் நிலவறைச் செல்வம் புரியும். 2011-இல் நீதிமன்ற உத்தரவின்படி அறைகள் திறக்கப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தரிசன நேரம் காலையிலும் மாலையிலும் துண்டு துண்டாக அமைந்திருக்கிறது. நண்பகலில் வந்து சேர்ந்தால் மாலை வரை காத்திருக்க நேரும்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே குதிரமாளிகை. சுவாதித் திருநாள் 1840-களில் கட்டிய இந்த அரண்மனையின் கூரையைத் தாங்குவதுபோல் 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட மற்றொன்றைப்போல் இல்லை என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். 33 வயதில் மறைந்த அந்த அரசரின் அவையில்தான் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார்; அரசர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் பரிசளித்தார். ஜனவரியில் இந்த அரண்மனை முற்றத்திலேயே சுவாதி சங்கீத விழா நடக்கிறது. பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி இருக்கும் மேத்தன் மணி என்ற கடிகாரத்தில், மணி அடிக்கும்போது தாடிக்காரர் ஒருவர் வாய் திறப்பார், இரண்டு ஆட்டுக்கிடாக்கள் அவர் கன்னங்களில் முட்டும். குழந்தைகளோடு வருகிறவர்கள் மணி முழுதாகும் நேரத்துக்கு அங்கே நிற்கத் தவறக்கூடாது.

கிழக்கே கோட்டையைத் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சந்தை இது. நெல்லை, குமரி வணிகர்கள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருப்பதால் தமிழும் மலையாளமும் கலந்தேதான் பேரம் நடக்கும். ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையைப் படித்தவர்களுக்குக் கெத்தேல் சாகிப்பின் கடை இந்தச் சாலையில்தான் என்பது நினைவிருக்கும். கெத்தேல் என்ற பெயரோடு 1949-இல் தொடங்கிய ரஹ்மானியா உணவகம் இன்றும் இருக்கிறது. சின்னக் கோழியை மசாலாவில் ஊறவைத்துப் பொரித்து, கொத்தித் தூவிய மிளகாய்ப் பொரியோடு சப்பாத்தியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தருவார்கள். மலிவான இறைச்சி, கடுங்காரம், கூட்டம். மூன்றும் சேர்ந்ததுதான் அதன் ருசி.

சைவச் சாப்பாட்டுக்குத் தம்பானூர் பக்கம் ஆரிய நிவாஸ், பேக்கரி சந்திப்புப் பக்கம் மதர்ஸ் வெஜ் பிளாசா போன்றவை பேர்பெற்றவை. வாழையிலையில் சத்யா விருந்து சாப்பிடும்போது திருவனந்தபுரத்துக்கே உரிய ஒன்றைக் கவனிக்க வேண்டும். போளியை இலையில் போட்டு, அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள். வடகேரளத்துக்காரர்களுக்கு இது வியப்பு. தமிழ்நாட்டுப் போளியைத் தனியாகத் தின்று பழகியவர்களுக்கும்தான். பருப்பும் நெய்யும் முதலில், பிறகு சாம்பார். பாயசத்துக்குப் பின்னும் புளிசேரி, ரசம், மோர் என்று சோறு தொடரும். பாயசம் வந்ததும் இலையை மூடிவிடுகிறவர்கள் பாதியில் எழுந்தவர்களாகிறார்கள்.

கிழக்குக் கோட்டையிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியாக அருங்காட்சியகம் வரை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். வெயில் தாழ்ந்த பிறகு இதை நடந்தே கடப்பதுதான் சரி. வழியில் தலைமைச் செயலகம், 1869-இல் திறக்கப்பட்டது. எதிரே நிற்கும் சிலை திவான் டி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். அந்தச் சந்திப்பையே ஸ்டாச்சு என்றுதான் நகரம் அழைக்கிறது. அதற்கப்பால் பாளையத்தில் பள்ளிவாசலும் புனித சூசையப்பர் பேராலயமும் கணபதி கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சம்சம் உணவகத்தின் அரபு வகைகளுக்கு இளைஞர்கள் கூடுவதும் இங்கேதான்.

தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸ் கட்டடமே பார்க்க வேண்டிய காட்சி. இங்கிலாந்தில் பிறந்து இந்நகரத்திலேயே வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. செங்கல்லால் ஆன உருளை. தளம் மாடிப்படி இல்லாமல் சுருளாக மேலேறிப் போகிறது. சுவரோரம் ஏறுமுகமாகவே மேசைகள். சுவரில் விட்ட துளைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வரும், மின்விசிறிக்கு அதிக வேலையில்லை. காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த ஊழியர்களைக் கூட்டுறவாகத் திரட்டினார் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன், கேரளத்தின் முதல் காபி ஹவுஸ் 1958-இல் திருச்சூரில் திறந்தது. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், உள்ளே பீட்ரூட் வைத்த மசால் தோசை, சிவந்த கட்லெட் ஆகியவை இன்றும் அப்படியே.

நேப்பியர் அருங்காட்சியகம் 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னையில் பல கட்டடங்களை எழுப்பிய ராபர்ட் சிஸ்ஹோமின் கைவண்ணம். இதற்குச் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயர். கேரளக் கூரையையும் முகலாயச் சாயலையும் கலந்து, வெயிலை உள்ளே விடாமல் குளிர்ச்சியாகச் சிஸ்ஹோம் கட்டியிருக்கிறார். உள்ளே சோழர் கால வெண்கலச் சிலைகளும் தந்த வேலைப்பாடுகளும் உண்டு. அதே வளாகத்தில் விலங்குக் காட்சிச்சாலையும் ரவிவர்மா ஓவியங்களைக் கொண்ட கலைக்கூடமும் இருக்கின்றன. திங்கட்கிழமை இவை மூடியிருக்கும்; பத்மநாபபுரம், குதிரமாளிகை ஆகியவற்றுக்கும் அன்றுதான் விடுமுறை. ஆகவே திங்களைக் கடலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நகரத்துக்கு மிக அருகில் சங்குமுகம். பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் குறுக்கே கடந்து இந்தக் கடற்கரைக்கு வருகிறது. அந்த நேரத்தில் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. கானாயி குஞ்ஞிராமனின் பிரம்மாண்ட சாகரகன்யகை சிலையும் இங்கேதான். கடலரிப்பு இந்தக் கரையைச் சில ஆண்டுகளாகத் தின்றுவருவதை நேரில் பார்க்கையில் மனம் கனக்கிறது.

வடக்கே தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் இங்கிருந்து கிளம்பியது. மீனவர் கிராமத்து மரிய மக்தலேனா தேவாலயம் விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அப்துல் கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். அந்தத் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். போகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தெற்கே கோவளம், நகரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள். 36 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் பிறைபோல் வளைந்த கடற்கரைகளும் விழிஞம் துறைமுகமும் ஒருசேரத் தெரியும். விழிஞத்தில் 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த ஊர் அது. அதே கரையில் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்வதேசத் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் நிற்கின்றன. ஆழத்தில் மூழ்கிப் பாறையிலிருந்து சிப்பி பறிக்கும் வேலை இங்கே பரம்பரைத் தொழில். தேங்காய் அரைத்த சிப்பிக் கறியும் வாழையிலையில் சுட்ட நெய்மீனும் கோவளம் கடைகளில் நன்றாக இருக்கும். மரச்சீனியும் சாளைக் குழம்பும் எங்கேயும் கிடைக்கும். மரச்சீனியைத் திருவிதாங்கூர் மக்களிடையே பரப்பியவர் 1880-களில் ஆண்ட விசாகத் திருநாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது அந்தக் கிழங்குதான்.

இருட்டியதும் நகரம் தெருவோரத் தட்டுக்கடைக்கு மாறுகிறது. கையகல தோசை நான்கைந்து, மேலே சம்மந்தி, பக்கத்தில் ரசத்தில் ஊறிய ரசவடை, ஆம்லெட், அப்பளம். காலையில் இதே தெருக்களில் புட்டும் பயறும் அப்பளமும்; மூன்றையும் ஒன்றாக நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுவது தென் திருவிதாங்கூர் வழக்கம். நட்சத்திர ஓட்டல்களில் இதைத் தேடுவது வீண்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதமான காலம். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையும் உண்டு. மழைக்காலத்தில் கோவளத்துக் கடல் முரட்டுத்தனமாக இருக்கும், சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக்கூடாது. கும்ப மாதத்து ஆற்றுக்கால் பொங்காலை நாளில் இந்த நகரத்தின் எல்லாச் சாலைகளும் பெண்களுக்கே சொந்தம். கண்ணகியின் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடிக் கொண்டாடும் அந்தக் கோயிலில் 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு செய்தது. பொங்கலிட வருகிறவர்கள் முந்தின நாளே வந்து செங்கல் அடுப்புக்கு இடம் பிடித்துவிடுகிறார்கள். வெறுமனே ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்த இரண்டு நாட்களைத் தவிர்த்து வேறு நாளை வைத்துக்கொள்ளலாம்.