வழிகாட்டி நூலும் அறிவின் உடைமையும்: கணனி விளையாட்டுக்கள் குறித்து ஒரு நோக்கு

1985ஆம் ஆண்டில் யப்பானில் மிக அதிகமாக விற்பனையான நூல் நாவலுமன்று, சமய நூலுமன்று. நின்டென்டோ நிறுவனத்தாரின் 'சுப்பர் மாரியோ பிறதேர்ஸ்' என்னும் விளையாட்டை எவ்வாறு ஆடி முடிப்பது என விளக்கும் வழிகாட்டி நூலே அது. இலட்சக்கணக்கானோர் விலை கொடுத்து வாங்கிப் பக்கம் பக்கமாகப் பயின்ற ஒரு நூல் வகையை இலக்கிய வரலாற்றாசிரியர் கணக்கிலெடுப்பதில்லை. பஞ்சாங்கத்தையும் சமையற் குறிப்பையும் ஒதுக்கிவைக்கும் அதே மனோபாவமே இங்கும் தொழிற்படுகின்றது எனலாம். ஆயின் சிக்கலான விளையாட்டுக்களைப் பொறுத்தவரையில் இந்நூல்கள் எழுப்பும் வினா சிறியதன்று: ஓர் உலகின் விதிகளைப் பற்றிய அறிவு எவ்வாறு உருவாகின்றது? உருவானபின் அது யாருக்கு உரித்தாகின்றது?

வழிகாட்டி நூலைப் பார்த்து ஆடுவது ஏமாற்று என்னும் கருத்து பரவலாக உண்டு. தானே முயன்று கண்டறிவதே உண்மையான ஆட்டம் என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கூற்றின் அடியில் ஒரு கற்பிதம் மறைந்திருக்கின்றது. தனித்தீவில் தனியனாக நின்று யாவற்றையும் தானே படைத்துக்கொள்ளும் ரொபின்சன் குரூசோவைப் பொருளாதாரத்தின் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட ஆசிரியர்களை மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரையிலே எள்ளி நகையாடினார். தனித்து ஆடும் வீரன் என்னும் படிமமும் அந்த ரொபின்சனின் வழித்தோன்றலே. வரலாற்று உண்மை வேறாக உள்ளது. அதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்பது பயனுடைத்து.

1984இல் நாம்கோ நிறுவனம் 'ட்ருவாகாவின் கோபுரம்' என்னும் விளையாட்டை யப்பானிய விளையாட்டு நிலையங்களுக்கு அளித்தது. மசனொபு எண்டோ என்பார் அதனை வடிவமைத்தார். கோபுரத்துக்கு அறுபது மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் சாவியைத் தேடிக் கதவைத் திறந்து மேலே செல்லல் வேண்டும். இம்மட்டில் எளிதே. ஆனால், மாடிகளிலே புதையற் பெட்டிகள் ஒளிந்திருந்தன. குறித்த ஒரு செயலைச் செய்தாலன்றிப் பெட்டி தோன்றாது; அச்செயல் யாதென விளையாட்டு எவ்விடத்தும் கூறுவதில்லை. முதல் மாடியிற் பச்சைக் கூழ்ப்பிராணிகள் மூன்றைக் கொன்றால் சுவரை உடைக்கும் செப்புக் குந்தாலி கிடைக்கும். இதனை எவரும் தற்செயலாகவேனும் கண்டுவிடலாம். மேலே செல்லச் செல்ல நிபந்தனைகள் விசித்திரமாகின்றன. ஓரிடத்தில் ஆட்டத்தைத் தொடக்குவதற்கென அமைந்த பொத்தானை ஆட்டத்தின் நடுவே அழுத்த வேண்டியிருந்தது! சில பொருள்கள் இன்றியமையாதவை. கீழ் மாடியொன்றில் அவற்றைத் தவறவிட்டவன் எவ்வளவு திறமையாக ஆடினும் கோபுரத்தை முடித்தல் இயலாது. தவறவிட்டோம் என்பதும் அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தோல்வியின் பின்னரும் பொறிக்குள் மேலும் ஒரு நாணயம் இடவேண்டும்.

தனியொருவன் இதனைத் தன் சொந்தப் பணத்தைக் கொண்டு ஆராய்ந்து முடிப்பது நடைமுறைச் சாத்தியமன்று. அங்கு நிகழ்ந்தது என்ன? விளையாட்டு நிலையங்களிலே பொதுக் கொப்பிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒருவன் தான் கண்டதை அதில் எழுதிச் செல்வான். மறுநாள் வருபவன் அதனைச் சோதித்துப் பிழையாயின் அடித்துத் திருத்துவான், சரியாயின் அடுத்த மாடியின் செய்தியைச் சேர்ப்பான். பெயரறியாத பலரின் நாணயங்களும் நேரமும் அக்கொப்பிகளிலே திரண்டன. பின்னர் அச்சேறிய வழிகாட்டிகளின் உள்ளடக்கம் இத்தகைய கூட்டுழைப்பின் விளைவே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆகவே இங்கு வழிகாட்டி ஆட்டத்துக்குப் புறம்பான உதவியன்று. ஆட்டமே அதனை வேண்டி நின்றது. கையிற் சில நாணயங்களும் கிழமையில் ஓரிரு மணித்தியால ஓய்வும் மட்டுமே உடைய ஓர் இளந்தொழிலாளிக்கு அக்கொப்பி கோபுரத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. அதனை ஏமாற்று என்போர் யாருடைய ஓய்வு நேரத்தை அளவுகோலாகக் கொள்கின்றனர் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

இதற்கு முந்திய ஆண்டிலேயே, 1983இல், சடோஷி டஜிரி என்னும் இளைஞர் 'கேம் பிறீக்' என்ற பெயரிற் கையெழுத்துப் பிரதி போன்றதொரு சிற்றிதழை நடத்தத் தொடங்கியிருந்தார். ஆட்ட நுட்பங்களே அதன் பொருள். அக்குழுவினர் 1989இல் விளையாட்டு உருவாக்கும் நிறுவனமாயினர். 1996இல் 'பொக்கெமொன்' அவர்களிடமிருந்தே வந்தது. விதிகளை விளக்கி எழுதியோர் விதிகளை ஆக்குவோராயினர்.

வழிகாட்டியின் அறிவுப் பெறுமானத்தை இன்னொரு விளையாட்டு தெளிவாகக் காட்டும். 1987இல் வெளிவந்த 'நெற்ஹக்' இலவசமானது. அதன் மூலநிரலும் எவரும் வாசிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டது. எழுத்துக்களாலும் குறியீடுகளாலும் ஆன நிலவறையே அதன் உலகம். அங்கே கொக்கற்றிஸ் என்றொரு பிராணி உண்டு. வெறுங்கையால் அதனைத் தொட்டவன் கல்லாவான். ஆயின், கையுறை அணிந்தவன் அதன் பிணத்தையே ஆயுதமாக ஏந்திப் பகைவரைக் கல்லாக்கலாம். ஏந்தியவாறே குழியொன்றில் விழுந்தாலோ, பிணம் உடலிற் பட்டு அவனே கல்லாவான். முதன்முறை இறப்பவன் இதனை விதியின் கொடுமை என்பான். நிரலைப் படித்தோர் எழுதிய விளக்கங்களை வாசித்தவனோ மூன்று நிகழ்ச்சிகளும் ஒரே விதியின் வெளிப்பாடுகள் எனக் காண்பான். மாயமாகத் தோன்றியதை விதியாக அறிதல் என்பது சிறிய பெயர்ச்சியன்று. நெற்ஹக்கை முடித்தவர்களுள் இவ்விளக்கங்களின் துணையைப் பெற்றோர் பலர். அதனால் ஆட்டம் அவர்களுக்கு எளிதாகிவிடவில்லை. அறிந்த விதிகளை அறியாத சூழலிலே பிரயோகிக்கும் பொறுப்பு எஞ்சியே நின்றது.

உரையோடு நூல் கற்கும் மரபில் வந்த எமக்கு இது புதிதன்று. உரையாசிரியரின்றித் தொல்காப்பியத்தை அணுகுவதே உண்மையான வாசிப்பு என எவரும் வாதிடார். வேறுபாடு ஒன்றுண்டு. உரை தவறாயின் விவாதம் நூற்றாண்டுகளாக நீளும். வழிகாட்டி தவறாயின் அன்று மாலையே ஆட்டத்தில் அது வெளிப்பட்டுவிடும்.

இனி மறுபக்கம். பயனுள்ள அறிவு பண்டமாகும்போது அதற்கு அருமை தேவைப்படுகின்றது. அருமை இல்லாதவிடத்து அதனை உண்டாக்கவும் கூடும். 2006இல் வெளிவந்த 'பைனல் பன்டசி' பன்னிரண்டாம் விளையாட்டில் மிக வலிமை வாய்ந்த ஈட்டியொன்று உண்டு. அதனை உறுதியாகப் பெறவேண்டுமாயின் வழியில் உள்ள நான்கு குறித்த பெட்டிகளைத் திறவாது விடல் வேண்டும். அவை ஏனைய பெட்டிகளைப் போன்றே தோன்றின. அவற்றுள் ஒன்று கதையின் தொடக்கப் பகுதியிலேயே எதிர்ப்படுவது. விளையாட்டு ஒரு குறிப்பும் தரவில்லை. வழிகாட்டியை விற்பதற்காகவே இவ்வாறு அமைத்தனர் என்ற ஐயம் ஆடுவோரிடையே பரவியது. அந்நோக்கத்தை நிறுவுதல் எளிதன்று. பின்வந்த பதிப்புக்களில் அந்த விதி நீக்கப்பட்டது என்பது மட்டும் உண்மை. அதே வரிசையின் ஒன்பதாம் விளையாட்டுக்கு 2000இல் வெளிவந்த ஆங்கில வழிகாட்டியோ இன்னும் வெளிப்படையானது. விலை கொடுத்து வாங்கிய நூலிற் பல இடங்களிலே விடைக்குப் பதிலாக ஒரு குறிச்சொல்லே இருந்தது. விடையை நிறுவனத்தின் இணையத்தளத்திற் சென்று தேட வேண்டும். வழிகாட்டிக்கு மற்றொரு வழிகாட்டி!

இத்தகைய அச்சு நூல்களின் வாணிகம் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் இத்துறையின் பெரும் பதிப்பகங்களான பிறேடிகேம்ஸ், பிறீமா ஆகிய இரண்டும் 2015இல் ஒன்றாயின. 2018இல் பிறீமாவும் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. அவற்றை வென்றது இன்னொரு பதிப்பகமன்று. 1995 முதல் கேம்பக்ஸ் என்னும் தொகுப்பில், ஆடுவோர் பெரும்பாலும் ஊதியமின்றி எழுதிச் சேர்த்த வெறும் எழுத்துப் பிரதிகளே அவற்றின் முதன்மைப் போட்டியாளராயின. படங்களும் வண்ணங்களும் அவற்றில் இல்லை. கோடுகளையும் புள்ளிகளையும் கொண்டே நிலப்படங்களை வரைந்தனர். வாசகர் அனுப்பிய திருத்தங்களுக்கு நன்றி கூறும் பட்டியல் இறுதியில் இருக்கும். விளையாட்டு நிலையக் கொப்பியே மீண்டும் வந்ததெனத் தோன்றும்.

இப்பிரதிகளின் தரம் ஒன்றாக இருந்ததெனக் கூறமுடியாது. "இடப்புறம் செல்க, பெட்டியைத் திறக்க, மேலே ஏறுக" என ஏவல் வினைகளாலேயே அமைந்தவை பல. அவற்றைப் பின்பற்றுபவன் கங்காணியின் சொற்கேட்டு நடக்கும் கூலியாளைப் போன்று ஆட்டத்தைக் கடந்து செல்கின்றான். முடிவை அடைகின்றான், எதனையும் அறிவதில்லை. ஏன் இடப்புறம் என விளக்கும் பிரதிகளே எமது மதிப்புக்குரியவை. சேதத்தைக் கணிக்கும் சூத்திரத்தைப் பல நூறு முறை சோதித்துத் தந்தோர், பிறர் கூற்றின் பிழையை மரியாதையோடு எடுத்துக்காட்டியோர் அவற்றின் ஆசிரியருட் பலர்.

அவர்களுட் பலர் தம் பிரதியை அனுமதியின்றி வேறிடத்தில் வெளியிடுவதையும் விற்பதையும் தடைசெய்யும் அறிவித்தல் ஒன்றை உடன் சேர்த்திருந்தனர். 2003இல் அத்தொகுப்பு முழுவதையும் நடத்திவந்த தளம் சீநெற் என்னும் வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தளம் விலைபோயிற்று. தடை அறிவித்தல்கள் பிரதிகளிலே இருந்தவாறே இருந்தன.