தீர்ந்துபோகும் வளம்: நவுறுவின் படிப்பினை

வளர்முக நாடுகளின் வறுமைக்கு வளப்பற்றாக்குறையே காரணமெனக் கருதுவோர் பசுபிக் சமுத்திரத்திலுள்ள நவுறுவை நோக்குதல் வேண்டும். சுமார் 21 சதுர கிலோமீற்றர் பரப்பே உடைய இத்தீவில் உயர்தரப் பொஸ்பேற்று 1900இல் கண்டறியப்பட்டது. முதலாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் கூட்டு ஆணையம் அகழ்வைக் கைக்கொண்டது. உலகச் சந்தை விலையிலன்றி, உற்பத்திச் செலவையொட்டிய விலையிலேயே அது அந்நாடுகளுக்குப் பசளையாகச் சென்றது. இம்மலிவின் பொருள் யாது? நவுறுவின் நிலம் அந்நாடுகளின் வேளாண்மைக்கு மானியமாயிற்று என்பதே.

1968இல் சுதந்திரம் கிட்டியது. 1970இல் அகழ்வுத்தொழில் நவுறுவின் உடைமையாயிற்று. தனிநபர் வருமானம் உயர்ந்தது. ஆயினும் உடைமை மாறியதேயன்றி, ஒரே மூலப்பொருளைத் தோண்டி விற்கும் பொருளாதார அமைப்பு மாறவில்லை. எதிர்காலத்துக்கென ஒதுக்கிய நிதியும் பிழையான முதலீடுகளாற் கரைந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் முதன்மைப் படிவுகள் பெரும்பாலும் தீர்ந்தன. தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கற்கூர்கள் துருத்தி நிற்கும் பாழ்நிலமாயிற்று.

நிலப்பாழுக்கு ஈடுகோரி நவுறு 1989இல் சர்வதேச நீதிமன்றை நாடியது. 1993இல் அவுஸ்திரேலியா 107 மில்லியன் டொலர் வழங்க இணங்கியது. எனினும், அவுஸ்திரேலியா திருப்பியனுப்பிய புகலிடம் கோருவோரைத் தடுத்துவைத்தே 2001 முதல் அத்தீவு வருவாய் தேட நேர்ந்தது.

வளத்தை மீட்டல் விடுதலையின் முதற்படியே. அது தீருமுன் மாற்று உற்பத்திக்கு அடித்தளமிடாவிடின், மீட்டதும் கைநழுவும் என்பதே நாம் பெறும் பாடம்.